துருத்தி

பயிற்சிப் பள்ளியின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு
என்னையும் எழுதச் சொல்லி
முஹர்ரக்கிலிருந்து வாட்ஸ்அப் வந்திருக்கிறது.
நிறுவனர் படத்துக்கு ஒரு பக்கம்,
புதுக் கட்டடத்துக்கு நான்கு,
எனக்கு அரை.

எழுபத்து நான்கில் பள்ளி என்பது
ஒரு தகரக் கொட்டகை, இரண்டு செஸ்னா,
உப்பில் விறைத்துக் கிடந்த காற்றுப்பை,
அப்புறம் அந்த நீலப் பெட்டி.
கட்டை இறக்கை, கட்டை வால்.
மூடியைப் போட்டால் உள்ளே நடுநிசி.
தரையோடு முடுக்கிவைத்த விமானம் அது.
சாய்வதும் நிமிர்வதும்
நான்கு தோல் துருத்திகள் விடும் மூச்சில்.

அந்த ஊர்ப் புழுக்கத்தில் தோல் வெடித்தது.
இங்கிலாந்துக்கு எழுதினால் வந்துசேர ஆறு மாதம்.
கணக்கர் குரியாக்கோஸ்தான் சொன்னாராம்,
கோயிலில் ஆர்மோனியம் சரிபண்ணிய காரைக்கால்காரன்
ஒருத்தன் இருக்கிறான்,
கப்பல் பட்டறையில் வர்ணம் அடிக்கிறான் என்று.

திறந்து பார்த்தேன்.
அதே மடிப்பு. அதே கோந்து வாசனை.
கட்டைகள் மட்டும்தான் இல்லை.
பறக்குமா என்று கேட்டார் கேப்டன் விட்லோ.
எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்
பாடும் என்றேன்.

மூன்று துருத்திக்கு ஆட்டுத்தோல் கிடைத்தது.
நான்காவதற்கு
நான் ஊரிலிருந்து கொண்டுவந்த தோல்பெட்டியின்
மூடியை அறுத்தேன்.

பையன்கள் வந்தார்கள்.
ஜாசிம் என்று ஒருவன்,
தரையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பாமலே
மூன்று நாள் வாந்தி எடுத்தான்.
பதிவேட்டில் மூன்று பத்திகள்:
பெயர், நேரம், எத்தனை தடவை செத்தான்.
பதினொரு தடவை செத்த ஜாசிம்
பிறகு ஜம்போ ஓட்டினான்.
ஒரு தடவையும் சாகாத ஒருவன்
அப்பாவின் சிமெண்ட் கடைக்குப் போய்விட்டான்.

தொண்ணூற்று ஒன்று ஜனவரியில்
ஓடுதளம் எங்களுடையது இல்லை.
சாம்பல் நிறத்தில் வரிசையாக நின்றன
அந்நிய விமானங்கள்.
செஸ்னாக்களுக்குச் சாக்கு போர்த்திவிட்டு
வகுப்பைப் பூட்டினோம்.

ஒரு ராத்திரி சங்கு ஊதியது. மின்சாரம் போனது.
கொட்டகையில் குரியாக்கோஸும் நானும்.
பதினேழு வருடம்
அடுத்தவர் பறந்த மணிகளைக் கூட்டிப் போட்ட மனிதர்
சட்டென்று பெட்டிக்குள் ஏறி
மூடியை இழுத்துக்கொண்டார்.
"சூசை, கிளப்பு" என்றார் உள்ளிருந்து.

மோட்டார் இல்லை.
குனிந்து, கையாலேயே
துருத்தியை அமுக்கினேன்,
இடது, வலது, இடது.
எங்கே போகிறோம் என்று கத்தினேன்.
கோட்டயம்.
கோட்டயத்தில் ஏது ஓடுதளம்?
பதில் வர நேரமாயிற்று.
"பள்ளிக்கூட மைதானம் இருக்கு. நீ அமுக்கு."

வெளியே தூரத்தில் எதுவோ வெடித்தது,
அல்லது கதவு அடித்துக்கொண்டது.
என் பெட்டி மூடி என் உள்ளங்கையில்
மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் கம்ப்யூட்டர்கள் வந்தன.
ஆறு இரும்புக் கால்களில் எழுந்து நிற்கும்
வெள்ளை யானைத் தலைகள். உள்ளே மழை, மின்னல்,
லண்டன் விளக்குகள்கூட.
அவற்றுக்குத் தோல் தேவைப்படவில்லை.
நான் சாவிக்கொத்து வைத்திருப்பவன் ஆனேன்.

லுல்வா என்ற பெண் மட்டும்
ஒரு மதியம் சாவி கேட்டாள்.
நீலப் பெட்டிக்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்து
கண்ணை மூடிக்கொண்டு,
"இது என்னை நம்பவே இல்லை" என்று சிரித்தாள்.
ஏழு தடவை செத்தாள். எட்டாவது தடவை
இறங்கியது எனக்கே தெரியவில்லை,
அவ்வளவு மெதுவாக.

ஓய்வுபெற்றபோது
அட்டைப்பெட்டியில் கயிறு கட்டி ஊர் வந்தேன்.
நீலப் பெட்டி இப்போது
புது வாசலில், கண்ணாடிக்குள்.
தொடாதீர்கள் என்று மூன்று மொழியில் பலகையாம்.

அரைப் பக்கம் எப்போதோ தாண்டிவிட்டது.
வெட்டுவதானால் ஆர்மோனியத்தை வெட்டுங்கள்,
என் பெயரையும்.
ஒரு வரியை மட்டும் விட்டுவைக்கவும்;
பதிவேட்டில் அதை எழுத
அன்றைக்கு வெளிச்சம் இருக்கவில்லை:

குரியாக்கோஸ். நாற்பது நிமிடம்.
மூன்றாவது பத்தி காலி.